டாப்பில் ஹார்ன் எரிந்துவிட்டது: கிராஸ்ஓவர் எங்கே வைப்பது, ஆம்ப் பெரிதா சிறிதா?

கொருக்குப்பேட்டை_பின்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கொருக்குப்பேட்டையில் சின்னதாக ஒரு சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கரும் அஹுஜா ஆம்ப்பும்தான். நான் பொறுப்பெடுத்து இரண்டு வருடம் ஆகிறது, பின் (பேஸ் மட்டும் தரும் பெட்டி), டாப் (குரலும் மேல் சத்தமும் தரும் பெட்டி) என்று கடன் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். இப்போது இருப்பது இவ்வளவு:

ஒற்றை 18 இஞ்சு பேஸ் பின் 4. ஒவ்வொன்றும் 8 ஓம், 600 வாட் ஆர்எம்எஸ். 15 இஞ்சு ஸ்பீக்கரும் மேல் சத்தத்துக்கு ஹார்னும் உள்ள டாப் 4, அதுவும் 8 ஓம், 350 வாட் ஆர்எம்எஸ், சத்தத்தை அந்த இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற பாஸிவ் கிராஸ்ஓவர் உள்ளேயே இருக்கிறது. பின்னுக்கு ஒரு ஆம்ப், 4 ஓமில் 1800 + 1800. டாப்புக்கு ஒரு ஆம்ப், 4 ஓமில் 1000 + 1000. சேனலுக்கு இரண்டு பெட்டி. நடுவில் ஒரு அனலாக் கிராஸ்ஓவர், ஸ்டீரியோ 2 வே, 120 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே பின்னுக்கு, மேலே டாப்புக்கு. மிக்சர் 16 சேனல் டிஜிட்டல்.

போன ஞாயிறு வியாசர்பாடியில் ஒரு அம்மன் கோயிலில் கூழ்வார்த்தல், மாலை ஆர்கெஸ்ட்ரா. முதல் பாட்டிலிருந்தே டாப் சரியில்லை. தகர டப்பாவைத் தட்டினாற்போல மெலிசாக இருந்தது. கமிட்டிக்காரர் இரண்டு தடவை மேடைக்குப் பக்கத்தில் வந்து "பாட்டு ஒண்ணும் புரியல தம்பி" என்றார். நான் டாப் ஆம்ப்பின் வால்யூமை முழுக்க ஏற்றினேன், மிக்சரிலும் ஏற்றினேன். ஆம்ப் எல்லை மீறினால் எரிகிற கிளிப் லைட் அடிக்கடி வந்தது, கவனிக்க நேரமில்லை. 9 மணி சுமாருக்கு வலது பக்கம் இரண்டு டாப்பிலும் ஹார்ன் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் ஹார்னுக்குள் அதிர்கிற டயாஃப்ரத்தின் காயில் கறுத்து, கையில் எடுத்ததும் கம்பி பிரிந்து வருகிறது. இன்னொன்று, பேஸ் பின்னுக்குப் பக்கத்தில் நின்றால் பாடகர் குரலே அதிலிருந்துதான் வருவது போல இருந்தது. சந்து குறுகல், ஷீட் கூரை வேறு, எதிரொலிதான் என்று விட்டுவிட்டேன். பேஸும் நான் நினைத்த அளவுக்கு இல்லை. நாலு பின் இருக்கிறது, இரண்டு பின் சத்தம்தான்.

அதற்கு முந்தைய வாரம் பெரம்பூரில் ஒரு மண்டபத்தில் இதே செட், இதே செட்டிங், அருமையாக இருந்தது. அதுதான் புரியவில்லை.

ரிச்சி தெருவில் டயாஃப்ரம் வாங்கப் போன கடையில் "ஆம்ப் பத்தல, பத்தாத ஆம்ப்தான் ஹார்னைக் கொல்லும், 2000 + 2000 எடு" என்கிறார்கள். என் சித்தப்பா "ஆம்ப் பெரிசு, அதான் எரிஞ்சுது, 350 வாட் பெட்டிக்கு 350தான் கொடுக்கணும்" என்கிறார். யார் சொல்வது சரி? கிராஸ்ஓவரை 150க்கு ஏற்றினால் டாப்புக்குப் பாரம் குறையுமா? அடுத்த ஞாயிறு கொடுங்கையூரில் இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது.

குத்துபாட்டு_ரசிகன்:

ப்ரோ, 80ல் வைங்க, நான் எப்பவும் 80தான். ஆம்ப் பெரிசா எடுங்க, ஹெட்ரூம், அதான் மேலே மிச்ச இடம், முக்கியம். கிளிப் ஆகாத ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்காது.

பழைய_பேட்ச்கார்டு:

மேலே உள்ள பதிலைப் பார்த்து அவசரப்பட்டு ஆம்ப் வாங்கிவிடாதீர்கள் தம்பி. கிளிப் ஆகாத ஆம்ப்பும் எரிக்கும், நான் எரித்திருக்கிறேன்.

உங்கள் பதிவில் முக்கியமான வரியை நீங்களே எதிரொலி என்று ஒதுக்கிவிட்டீர்கள். பின்னிலிருந்து பாடகர் குரல் வந்தது என்கிறீர்கள். 120 ஹெர்ட்ஸில், அதிர்வெண் இரட்டிப்பாகும்போதெல்லாம் 24 டெசிபல் இறங்குகிற சரிவோடு வெட்டினால் பின்னிலிருந்து வருவது தும் தும் என்பது மட்டும்தான். 240 ஹெர்ட்ஸிலேயே 24 டெசிபல் கீழே போய்விடும், 480ல் 48. குரலின் உருவம் தெரிகிற இடம் அதற்கெல்லாம் மேலே. சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் சுவர் புதிதாக ஒரு குரலை உண்டாக்காது. ஆக, அன்றைக்கு உங்கள் பின்னுக்கு 120க்கு மேலே நிறைய போயிருக்கிறது. அப்படியானால் டாப்புக்கு அந்த அளவு போகவில்லை. தகர டப்பாச் சத்தம் அதுதான்.

என் சந்தேகத்தைச் சொல்கிறேன். இந்த வகை அனலாக் பெட்டிகளில் பலவற்றில் ×10 என்று ஒரு பட்டன் உண்டு, பெரும்பாலும் பின்பக்கத்தில், எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டுகளுக்கு நடுவில் விரல் நுனி அளவுக்கு. அது அமுங்கினால் முன்பக்கம் திருகு 120ல் நின்றாலும் வெட்டுவது 1200 ஹெர்ட்ஸில். முன்னாலிருந்து பார்த்தால் பலருக்குத் தெரியாது. ரேக்கைக் குட்டி யானையில் ஏற்றும்போது ஒரு பிளக் இடித்தால் போதும். முந்தைய வாரம் நன்றாக இருந்தது, இந்த வாரம் இல்லை, திருகு அசையவில்லை என்றால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அது உண்மையானால் மீதிக் கதை தானாக வந்துவிடும். உங்கள் டாப்புக்குள் இருக்கிற பாஸிவ் கிராஸ்ஓவர் எங்கே வெட்டுகிறது என்று தாளில் பாருங்கள், இந்த மாதிரிப் பெட்டிகளில் 1.8 அல்லது 2 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். வெளியே 1200ல் வெட்டி, உள்ளே 1800ல் பிரித்தால் 15 இஞ்சுக்குக் கிடைப்பது நடுவில் ஒரு துண்டுதான். பாவம் அது சும்மா உட்கார்ந்திருக்கும், ஆம்ப் கொடுத்ததில் பெரும்பகுதி ஹார்னுக்குப் போயிருக்கும். சாதாரணமாகப் பாட்டில் சக்தி பெரும்பாலும் கீழேயும் நடுவிலும்தான் இருக்கும், உச்சியில் கொஞ்சம்தான், அதை நம்பித்தான் 350 வாட் பெட்டிக்குள் ஐம்பது அறுபது வாட் தாங்குகிற ஹார்ன் டிரைவரை வைக்கிறார்கள். நீங்கள் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கி, குரல் கேட்கவில்லையே என்று மேலும் மேலும் ஏற்றினீர்கள். கிளிப் ஆகும்போது அலையின் முனை வெட்டுப்பட்டுப் புதிதாக மேல் ஸ்வரங்கள் உண்டாகும், அதுவும் ஹார்ன் தலையில்தான் விழும்.

முதலில் அந்தப் பட்டனைப் பாருங்கள். மற்றது அப்புறம்.

ஓம்_விதி:

பேட்ச்கார்டு அண்ணன் சொன்னதுதான் என் ஊகமும். நான் ஆம்ப் பஞ்சாயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொன்னதும் சித்தப்பா சொன்னதும் இரண்டுமே பாதி சரி, பாதி தப்பு.

பெட்டியின் பின்னால் மூன்று எண்கள் போட்டிருப்பார்கள்: தொடர்ச்சி, அதாவது நாம் ஆர்எம்எஸ் என்று சொல்வது, அதற்கு 2 மடங்காக புரோகிராம், 4 மடங்காக பீக். உங்கள் டாப்புக்கு 350, 700, 1400. முதல் எண் எங்கிருந்து வருகிறது என்றால், பிங்க் நாய்ஸ் என்கிற சோதனை இரைச்சலைப் பல மணி நேரம் ஓட விட்டு (ஏஇஎஸ் முறையில் 2 மணி நேரம்) டிரைவர் நிரந்தரமாகக் கெடாமல் தாங்குகிற அளவு. மீதி இரண்டும் பெரும்பாலும் அதைப் பெருக்கிப் போட்டவைதான். ஆம்ப் எடுக்கும்போது தொடர்ச்சிக்கும் புரோகிராமுக்கும் நடுவில், கவனமான ஆள் ஓட்டுகிறார் என்றால் புரோகிராம் வரைக்கும் எடுக்கலாம். உங்கள் டாப் ஆம்ப் சேனலுக்கு 1000 கொடுக்கிறது, இரண்டு பெட்டி, ஆளுக்கு 500. பின்னுக்கு ஆளுக்கு 900, அது 600க்கும் 1200க்கும் சரியாக நடுவில். இரண்டுமே நல்ல பொருத்தம். இதில் மாற்ற ஒன்றும் இல்லை.

"பத்தாத ஆம்ப் ஹார்னைக் கொல்லும்" என்பது ரிச்சி தெருவில் தலைமுறையாகச் சொல்லி வருவது. சக்தி குறைவாக இருப்பதால் எதுவும் எரியாது, எரிந்தால் வீட்டு டேப்ரெக்கார்டரில் மாட்டின ஸ்பீக்கர் எல்லாம் எரிந்திருக்க வேண்டும். நடப்பது வேறு. ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேலே தள்ளினால் அலை சதுரமாகிவிடும், சதுர அலை அதே உயரமுள்ள சைன் அலையைவிட இரண்டு மடங்கு சக்தி கொடுக்கும். 500 வாட் ஆம்ப்பை முழுக்கக் கிளிப் செய்தால் 1000 வாட் பக்கம் கொட்டும். அதுதான் கொல்கிறது. அதே ஆள் அதே மாதிரி 2000 வாட் ஆம்ப்பைத் தள்ளினால் இன்னும் சீக்கிரம் எரியும், கடைக்காரருக்கு இன்னொரு டயாஃப்ரம் விற்கும்.

சித்தப்பா சொல்கிற 350க்கு 350 என்பது பயந்த கணக்கு. தப்பில்லை, ஆனால் பாட்டின் உச்சிக்கு இடம் இருக்காது, கிளிப் லைட் சீக்கிரம் வரும்.

சரி, 1000 + 1000ஐ விற்றுவிட்டு 2000 + 2000 எடுத்தால் என்ன கிடைக்கும்? 3 டெசிபல். அவ்வளவுதான். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல், காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது 10 மடங்கு வாட். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போய்விடுகிறது. அந்த 3 டெசிபலுக்குப் பணம் போடுவதற்குப் பதில் டாப்பை அரை ஆள் உயரம் ஏற்றி ஜனங்களின் தலைக்கு மேலே வைத்தால் கடைசி வரிசைக்கு அதைவிட அதிகம் போய்ச் சேரும்.

இன்னொரு விஷயம், நம்ம ஊர் வெயிலுக்கு இது முக்கியம். காயில் சூடானால் செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 200 டிகிரி ஏறினால் தடை 1.8 மடங்கு பக்கம் ஆகிவிடும், அதே வோல்டேஜில் ஸ்பீக்கர் வாங்குகிற சக்தி குறைந்து சத்தம் 2.5 டெசிபல் இறங்கிவிடும். நீங்கள் "என்னடா சத்தம் இறங்குது" என்று ஃபேடரை ஏற்றுவீர்கள், அது இன்னும் சூடாகும். ராத்திரி 8 மணிக்கு மேல் ஃபேடர் தானாக மேலே நகர்கிற கதை அதுதான்.

ஜெனரேட்டர்_மாமா:

எல்லாரும் ஓம், டெசிபல் என்று பேசுகிறீர்கள், கரண்ட் எங்கிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. கோயில் ஃபங்ஷனில் சீரியல் லைட்டுக்காரன், ஐஸ்கிரீம் வண்டி, சவுண்ட் எல்லாம் ஒரே ஃபேஸில் தொங்கும். நூறு மீட்டர் மெல்லிசு வயரின் கடைசியில் மீட்டர் வைத்தால் 190 காட்டும், பேஸ் அடிக்கும்போது 180. ஆம்ப் கிளிப் லைட் சீக்கிரம் வர அதுவும் ஒரு காரணம். அதைவிட மோசம் மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் லூசாவது. எந்த ஃபேஸில் லோடு குறைவோ அதில் 300, 350 என்று ஏறும், ஆம்ப்பின் பவர் சப்ளை புஸ்ஸென்று போகும். செருகுவதற்கு முன்னால் மீட்டர் வையுங்கள், சீரியல் லைட்டைப் போடச் சொல்லி மறுபடி வையுங்கள். 250க்கு மேல் ஆடினால் செருகாதீர்கள், கமிட்டிக்காரர் கத்தட்டும்.

கொருக்குப்பேட்டை_பின்:

பேட்ச்கார்டு அண்ணே, காலில் விழுகிறேன்.

கோடவுனுக்குப் போய் ரேக்கைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு சேனலுக்கும் பொதுவாக ஒரு ×10 பட்டன், அமுங்கிக் கிடக்கிறது. அதன் மேலேயே பவர் கேபிளை மடித்துச் செருகி வைத்திருந்தோம், பையன் ஏற்றும்போது அழுத்தியிருப்பான், அல்லது நானே. பட்டனை விட்டுவிட்டு ஒரு பின், ஒரு நல்ல டாப் மட்டும் போட்டு மைக்கில் பேசினேன். டாப்பின் வயரைப் பிடுங்கினால் பின்னிலிருந்து முனகல் மட்டும் வருகிறது, என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. மறுபடி பட்டனை அழுத்தினேன், அன்றைக்குக் கேட்ட அதே குரல், பின் வழியாக. இரண்டு வருடமாக இந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது, பின்பக்கத்தில் பட்டன் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

பட்டன் மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் மூடி வைத்து டேப் ஒட்டிவிட்டேன்.

ஓம்_விதி அண்ணே, ஆம்ப் வாங்கவில்லை. சித்தப்பாவிடம் சொன்னேன், "நான் சொன்னதுதானே" என்கிறார்.

இப்போது மீதி சந்தேகம். 120ஐ அப்படியே விடவா? சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கிற லிமிட்டர் இந்தப் பெட்டியில் இல்லை, டிஜிட்டல் மிக்சரில் இருக்கிறது, எங்கே வைப்பது? பேஸ் இன்னும் நாலு பின்னுக்கு உண்டான மாதிரி இல்லை.

பழைய_பேட்ச்கார்டு:

கால் எல்லாம் வேண்டாம். நான் மயிலாப்பூர் பக்கம் ஒரு சபாவில் ஓட்டும்போது இதே பட்டனில் மாட்டியிருக்கிறேன், மார்கழியில், மிருதங்கத்தின் தொப்பி முழுக்கக் கூடம் நடுவில் ஒரு பின்னிலிருந்து பேசியது, வித்வான் தனி ஆவர்த்தனத்தை நிறுத்தாமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வைதான் பாடம்.

120 பற்றி. 15 இஞ்சு டாப்புக்கு 100 போதும், நல்ல பெட்டி என்றால் 90ம் தாங்கும். 150 வேண்டவே வேண்டாம், ஆண் குரலின் அடி 100 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே தொடங்கிவிடும், 150 வரைக்கும் பின்னிடம் கொடுத்தால் பாடகர் மேடையில் நிற்க, அவர் மார்பு மட்டும் கீழே தரையிலிருந்து பேசும். 80ல் வைத்தால் பின் சுத்தமாக இருக்கும், ஆனால் டாப்பின் 15 இஞ்சு கோன் தெரு ஃபங்ஷன் சத்தத்துக்கு ரொம்ப ஆட வேண்டியிருக்கும். பாதி அதிர்வெண்ணில் அதே சத்தம் வேண்டுமென்றால் கோன் 4 மடங்கு ஆட வேண்டும், இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே வெட்டுவது என்பது ஓரளவுக்குத் தானே தெரிந்துவிடும். மண்டபத்துக்கு 80 அல்லது 90, தெருவுக்கு 100. நான் அப்படித்தான்.

24 டெசிபல் சரிவு லிங்க்விட்ஸ்-ரைலி வகை என்றால் இரண்டு பக்கமும் வெட்டும் இடத்தில் 6 டெசிபல் கீழே இருக்கும், இரண்டும் சேரும்போது சமமாகிவிடும். லிங்க்விட்ஸும் ரைலியும் 1970களில் ஹியூலட் பேக்கார்டில் எஞ்சினியர்கள், ஓய்வு நேரத்தில் ஸ்பீக்கர் பண்ணினவர்கள். அந்த ஓய்வு நேரத்தில்தான் நம்ம பிழைப்பு ஓடுகிறது. ஆனால் அந்தச் சமம் பெட்டிகள் இரண்டும் கேட்பவருக்கு ஒரே தூரத்தில் இருந்தால்தான். வெயில் காலத்தில் நம்ம ஊரில் சத்தம் விநாடிக்கு 350 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் 100 ஹெர்ட்ஸ் அலை 3.5 மீட்டர் நீளம். பின்னை டாப்பைவிட 1.75 மீட்டர் முன்னாலோ பின்னாலோ வைத்தால் வெட்டும் இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடும், பேஸ் இருக்கும், அடி இருக்காது. உங்கள் பெட்டியில் சத்தத்தைத் தாமதப்படுத்துகிற டிலே கிடையாது, ஆகவே பெட்டியைத்தான் நகர்த்த வேண்டும். டாப்பைப் பின் மேலேயே கம்பி போட்டு நிறுத்துங்கள், முடிந்தது வேலை. நகர்த்தவே முடியாத இடம் என்றால் மிக்சரிலிருந்து 100 ஹெர்ட்ஸ் சைன் விட்டு, ஜனங்கள் நிற்கிற நடுவில் போய் நில்லுங்கள், பையனை விட்டுக் கிராஸ்ஓவரில் பேஸ் பின்னுக்கான போலாரிட்டி (பிளஸ் மைனஸைத் திருப்பும்) பட்டனை மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லுங்கள், எதில் சத்தம் அதிகமோ அது.

நாலு பின் சத்தம் இல்லை என்கிறீர்களே, ஏதாவது ஒன்றை ரீகோன் (கோனும் காயிலும் மாற்றுவது) செய்தீர்களா? செய்திருந்தால் பேட்டரி வைத்துப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கான் வயரின் 1 பிளஸ்ஸில், மைனஸ்ஸை 1 மைனஸ்ஸில் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். ஒரு தொடுதல்தான், பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நாலில் ஒன்று உள்ளே போனால், மூன்று தள்ள ஒன்று இழுக்கிறது, மிஞ்சுவது இரண்டு பின் சத்தம். 6 டெசிபல் நஷ்டம். நீங்கள் வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் நாலையும் ஒரே இடத்தில் அடுக்குங்கள். இடம் இரண்டு, வலம் இரண்டு என்று பிரித்தால் நடுவில் ஒரு நடைபாதை அகலத்துக்கு இடி, இரண்டு பக்கமும் ஓட்டை. அந்த நடுவில்தான் மிக்சரைப் போட்டு உட்கார்ந்திருப்போம், பேஸ் பிரமாதம் என்று நமக்கு மட்டும் தோன்றும்.

உங்கள் பெட்டியில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுகிற லோ கட் பட்டனும் இருக்கும், அதைப் போட்டே வையுங்கள். இந்தப் பின்களின் டியூனிங் 40 பக்கம், அதற்குக் கீழே பெட்டிக்குள் காற்று கோனைப் பிடிக்காது, சும்மா முன்னும் பின்னும் அலையும். 5 கம்பி பேஸ் கிட்டாரின் கீழ்க் கம்பி 31 ஹெர்ட்ஸ், பேஸ் வாசிக்கிற தம்பி ஒருவன் உற்சாகமாக இழுத்தால் காயில் தட்டும் சத்தம் கேட்கும்.

ஓம்_விதி:

லிமிட்டர் கணக்கு. உங்கள் ஆம்ப்பின் கெய்ன் எவ்வளவு என்று பின்னால் பாருங்கள். 32 டெசிபல் என்றால் 40 மடங்கு. டாப் 350 வாட், 8 ஓம்: 350ஐ 8ஆல் பெருக்கினால் 2800, வர்க்கமூலம் 53 வோல்ட். 40ஆல் வகுத்தால் ஆம்ப் வாயில், அதாவது இன்புட்டில், 1.32 வோல்ட், அதாவது 0.775 வோல்ட்டுக்கு மேலே 4.6 டெசிபல். ஆம்ப் கிளிப் ஆவது 63 வோல்ட்டில், வாயில் 1.58 வோல்ட், 6.2 டெசிபல். ஆகவே டாப்புக்குப் பீக் லிமிட்டர் 6க்குக் கீழே, மெதுவான ஆர்எம்எஸ் லிமிட்டர் 4.5க்குள். பின்னுக்கு 600 வாட் என்றால் 69 வோல்ட், வாயில் 1.73, அது 7 டெசிபல். ஆம்ப் கிளிப் ஆவது 85 வோல்ட் பக்கம், 8.7.

இதெல்லாம் ஆம்ப் வாயில் உள்ள அளவுகள், ஆம்ப் வால்யூம் முழுக்கத் திறந்திருந்தால். நடுவில் கிராஸ்ஓவரின் கெய்ன் திருகுகள் இருக்கின்றன, அவற்றை 0வில் வைத்து மார்க்கரால் கோடு போடுங்கள். மிக்சரில் மெயின் அவுட்டுக்கு ஒரே ஒரு லிமிட்டர் வைத்தால் பேஸ் அடிக்கும்போது குரலும் சேர்ந்து அமுங்கும், அது கேட்க அசிங்கமாக இருக்கும். அதனால் மிக்சரில் பின்னுக்கு ஒரு மேட்ரிக்ஸ் (தனி அவுட்புட்), டாப்புக்கு ஒரு மேட்ரிக்ஸ் எடுத்து, இரண்டையும் கிராஸ்ஓவரின் இரண்டு சேனலில் கொடுத்து, ஒன்றில் லோ அவுட்டும் மற்றதில் ஹை அவுட்டும் மட்டும் எடுங்கள். மோனோவாகிவிடும். சந்தில் ஸ்டீரியோ கேட்டு யாரும் அழவில்லை.

கணக்கை நம்பாமல் அளந்தும் பாருங்கள். ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, பின் ஆம்ப்புக்கு 60 ஹெர்ட்ஸ், டாப் ஆம்ப்புக்கு 400 ஹெர்ட்ஸ் சைன் விட்டு மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அவுட்புட்டில் பாருங்கள். மிக்சரை எவ்வளவு ஏற்றினாலும் மீட்டர் டாப்பில் 53ஐத் தாண்டக் கூடாது, பின்னில் 69. சாதாரண மீட்டர் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே பொய் சொல்லும், அதனால்தான் 400. அந்த வோல்ட் கையைப் பிடித்து உதறும், முனையை வெறும் கையால் தொடாதீர்கள்.

மாடிவீட்டு_வாசி:

நான் சவுண்டுக்காரன் இல்லை, இந்த மாதிரி ஃபங்ஷன்களுக்கு எதிர் மாடியில் குடியிருப்பவன். 6 டெசிபல் போய்விட்டது என்று இவ்வளவு துக்கமாகப் பேசுகிறீர்கள், எங்களுக்கு அந்த 6 டெசிபல் கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று இருக்கிறது, இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. கொடுங்கையூரில் பெட்டியைத் திருப்பி வைக்கும்போது எதிரே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள் தம்பி.

பழைய_பேட்ச்கார்டு:

அவர் சொல்வதும் நியாயம்தான். டாப்பைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து ஜனங்கள் தலைக்குக் காட்டினால் மாடிக்குப் போவது குறையும். பின்னை அப்படிச் சாய்க்க முடியாது, அது எல்லாப் பக்கமும் போகும், மாடி ஜன்னலும் ஆடும்.

கொருக்குப்பேட்டை_பின்:

கொடுங்கையூர் முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுதுகிறேன், தப்பிருந்தால் மன்னிக்கவும்.

பேட்டரி வைத்துப் பார்த்தேன். மூன்று பின் வெளியே, ஒன்று உள்ளே. பங்குனியில் ரீகோன் கொடுத்து வாங்கின பேஸ் பின் அதுதான், திறந்தால் சிவப்பு, கறுப்பு வயரை மாற்றி சால்டர் செய்திருக்கிறார்கள். ஆறு மாதமாக மூன்று பின்னை ஓட்டி ஒன்றால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கடைக்காரரிடம் கேட்டதற்கு "சவுண்ட் வருதுல்ல?" என்றார்.

நாலையும் மேடைக்கு முன்னால் வரிசையாக அடுக்கி, 100ல் வெட்டி, 40 லோ கட் போட்டு, டாப்பை இரண்டு ஓரத்திலும் ஏற்றினேன். டாப்புக்கும் பின்னுக்கும் நடுவில் தூரம் இருந்ததால் சைன் விட்டுப் போலாரிட்டி பார்த்தேன், மாற்றின நிலையில்தான் சத்தம் அதிகமாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். பம்பைக்காரர்கள் மைக் இல்லாமலே என் பின்னை ஜெயித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். ஆர்கெஸ்ட்ரா தொடங்கினதும் பின் ஆம்ப்பின் வால்யூமைப் போன வாரத்தைவிடக் கால்வாசி குறைத்தேன், அப்படியும் மார்பில் அடித்தது. கிளிப் லைட் ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட வரவில்லை, லிமிட்டர் லைட் மட்டும் கிக் அடிக்கும்போது சிமிட்டியது. கரண்ட் 212 காட்டியது, லைட்டுக்காரனை வேறு ஃபேஸுக்கு மாற்றச் சொன்னேன், கொஞ்சம் சண்டை.

மாடிவீட்டு அண்ணனுக்கு: 9.50க்கு மங்களம் பாடி முடித்துவிட்டோம், கமிட்டிக்காரருக்குத்தான் மனசில்லை.

ஒரே ஒரு கேள்வி. புதிதாகப் போட்ட இரண்டு டயாஃப்ரமும் பழைய இரண்டைவிட கொஞ்சம் கூர்மையாக, ஸ்ஸ் என்று கேட்கிறது. டூப்ளிகேட்டா, இல்லை பழையதற்கு வயசாகிவிட்டதா?

பழைய_பேட்ச்கார்டு:

இரண்டுமாக இருக்கலாம். புது டயாஃப்ரத்தை அடுத்தடுத்து இருக்கிற பெட்டியில் போடாதீர்கள், பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு அந்த இரண்டையும் தனியாக மாட்டி ஒரே பாட்டைக் கேளுங்கள். அப்புறம் பேசலாம், இப்போது போய்த் தூங்குங்கள்.